துப்பாக்கியம்மாவிடம் கேட்க வேண்டிய கேள்வி

கொடைக்கானலுக்கு நான் குடிவந்த முதல் மழைக்காலத்தில் ஒரு நாள் விடிந்தும் விடியாமல் பெட்டியோடு மாடியிலிருந்து இறங்கினேன். கீழே கடைக்கதவைத் திறந்துகொண்டிருந்த அம்மாவிடம், ஆறரை மணி திண்டுக்கல் பஸ் போய்விட்டதா என்று கேட்டேன்.

"போகலைங்க" என்றார்.

நிறுத்தத்தில் போய் மூடுபனிக்குள் ஒன்றேகால் மணி நேரம் நின்றேன். என்னோடு ஒரு சவாரிக் குதிரையும் நின்றது. அதற்கு எங்கேயும் போகிற உத்தேசம் இருந்ததாகத் தெரியவில்லை. கடைசியில் ஒரு பால்காரர் சொல்லித்தான் தெரிந்தது, மலைப்பாதையில் மரம் விழுந்து முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே எந்தப் பஸ்ஸும் மேலே வரவில்லை என்று. திரும்பி வந்து, அது உங்களுக்குத் தெரியாதா என்று கொஞ்சம் சூடாகவே கேட்டேன். தெரியும் என்றார்.

"பஸ் வந்துச்சான்னு நீங்க கேக்கலையேங்க."

குரலில் கேலி இல்லை. பூட்டைத் துடைத்துக்கொண்டே, கேட்ட சாமானை எடுத்துக் கொடுக்கிற மாதிரி சொன்னார். கேட்ட சாமான் மட்டும்தான் கிடைக்கும். கூட ஒரு கொசுறு கூடக் கிடையாது.

அவர் வைத்திருந்தது துப்பாக்கிக் கடை. உரிமம் உள்ளவர்களுக்குத் தோட்டா விற்பார், பழுது பார்ப்பார். கடையின் மாடியறையில் ஆறு வருடம் குடியிருந்தேன். பருவகாலத்தில் வாடகைக்கு விடும் நாலைந்து பங்களாக்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மிச்ச நேரத்தில் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுவேன். படித்துவிட்டுச் சிரித்ததாக இதுவரை இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். இருவரும் உறவினர்கள்.

அந்த அம்மாவின் பெயரை நான் இங்கே எழுதாததற்கு நாகரிகம் காரணமல்ல. எனக்குத் தெரியாது. கடைப் பலகையில் இருந்தது அவர் கணவர் பெயர், ரப்பர் முத்திரையிலும் அதுவே. கையெழுத்து என்று அவர் போட்டது மண்புழு நெளிந்த தடம் போல இருக்கும். ஊரில் எல்லோரும் துப்பாக்கியம்மா என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். கேட்டிருந்தால் பெயரைச் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

நாலு வருடம் முன்பு கடையை மூடிவிட்டுக் கோயம்புத்தூருக்கு மகள் வீட்டுக்குப் போனார். சாமான் ஏற்றிய வேனுக்குப் பக்கத்தில் நின்று, திரும்ப வருவீர்களா என்று கேட்டேன். வருவேன் என்றார். எப்போது என்று கேட்கத் தோன்றவில்லை. ஆறு வருடத்தில் இதைக்கூடக் கற்றுக்கொள்ளாதவன் நான்.

ஒல்லியான உடம்பு, அறுபதுக்குப் பக்கத்தில் வயது. புடவைக்கு மேல் கணவருடைய சாம்பல் நிற ஸ்வெட்டர், கழுத்தில் நூல் கட்டித் தொங்கும் கண்ணாடி. வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் நீளமாக வளர்த்திருந்தார். எந்த இரும்புச் சாமான் கைக்கு வந்தாலும் முதலில் அந்த நகம் அதிலுள்ள திருகாணியின் பள்ளத்தைத் தடவிப் பார்க்கும். பள்ளத்தின் ஓரம் கூர்மையாக இருந்தால் யாரும் கழற்றவில்லை, மழுங்கியிருந்தால் எவனோ கைவைத்திருக்கிறான். என் தட்டச்சு இயந்திரத்தை ஒரு தடவை அப்படித் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தார். பழுது என்று நான்தான் மூன்று தடவை கழற்றியிருந்தேன். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

கணவர் இருந்த காலத்திலேயே கடையின் முன்பக்கம் உட்கார்ந்து பேசுகிற சோலி அவருக்கு, பின்பக்கம் உட்கார்ந்து வேலை பார்க்கிற சோலி இவருக்கு. அவர் காலமானதும் உரிமம் இவருக்கு வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. எதிர்க்கடை மருந்துக்காரர் அதைத் திமிர் என்பார். கீழ்த்தெரு கான்வென்ட்டிலிருந்து வரும் சிஸ்டர் ஒருவர் அதைச் சத்தியம் என்பார். நான் இரண்டிலும் சேராமல் மாடியில் இருந்தேன்.

அவரைப் பார்க்க வேண்டுமென்றால் தேர்தல் சமயத்தில் பார்க்க வேண்டும். தேர்தல் அறிவித்துவிட்டால் உரிமம் உள்ள துப்பாக்கிகளை எல்லாம் காவல் நிலையத்திலோ துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்தாக வேண்டும். தாண்டிக்குடி காப்பித் தோட்டங்களிலிருந்து ஜீப்பிலும், பாச்சலூர்ப் பக்கமிருந்து பஸ்ஸிலும், போர்வையில் சுற்றிய துப்பாக்கிகள் வந்து இறங்கும். நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்க்க வந்தவர்கள் போலச் சொந்தக்காரர்கள் சுற்றி நின்றுகொண்டு, தன் துப்பாக்கியின் வரலாற்றை ஒவ்வொருவரும் சொல்வார்கள். அந்தக் கதைகளை நம்பினால் பழனி மலையில் புலி சுடாத துப்பாக்கியே கிடையாது. ஒரு துப்பாக்கி வெள்ளைக்காரக் கலெக்டர் கையால் கொடுத்தது. இன்னொன்று ஜமீன் வீட்டுச் சீதனம்.

துப்பாக்கியம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே துப்பாக்கியைத் திருப்புவார், நகத்தால் தடவுவார், அதன் உரிம எண்ணைச் சீட்டில் எழுதி நூலால் கட்டுவார். ஆமாம் என்று தலை ஆடாது, இல்லை என்றும் ஆடாது. சொந்தக்காரர்கள் திருப்தியோடு போவார்கள். எதிர்வாதம் செய்யாத கேட்பாளரை விட மனிதனுக்கு வேறென்ன வேண்டும்? என் கட்டுரைகளுக்கு அப்படி ஒருவர் கிடைத்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

அந்தக் கூட்டத்தில்தான் பூண்டுக்காரரை முதலில் பார்த்தேன். பூம்பாறைக்கு அந்தப் பக்கம் மலைப்பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற விவசாயி. கம்பளியில் சுற்றிய ஒரு நீளத் துப்பாக்கியைக் குழந்தையைப் போல இறக்கி வைத்து, "எங்க தாத்தா மொத சண்டையில ஜெர்மன்காரன்கிட்டருந்து கொண்டாந்ததுங்க" என்று கடையில் இருந்த எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். பிறகு வழக்கமான குறை: "ஆனா அம்மா, உங்க தோட்டா சரியில்ல. பன்னி வந்தா வானத்தப் பாத்துச் சுடுறேன், டப்புன்னு அமுங்கிப் போகுது. பன்னி பூண்டப் பேத்துக்கிட்டே திரும்பிப் பாக்குது. சத்தமா இருக்கற தோட்டாவாக் குடுத்தா என்ன?" துப்பாக்கியம்மா எப்போதும் தருகிற அதே பச்சைப் பெட்டியை எடுத்துத் தந்தார். ஏன் அது மட்டும் என்று அவரும் கேட்கவில்லை.

எல்லாமே இப்படிச் சிரிப்பாக இருந்துவிடவில்லை. ஒட்டன்சத்திரத்தில் தக்காளிக் கமிஷன் மண்டி வைத்திருந்த ஒருவர், பெண்ணுக்கு வரன் விசாரிக்க வந்தார். மாப்பிள்ளைப் பையன் எங்கள் தெருதான். துப்பாக்கியம்மா பொய் சொல்ல மாட்டார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பையன் குடிப்பானா என்று கேட்டார். "குடிக்க மாட்டான்." வேறு பெண் சகவாசம்? "இல்ல." கல்யாணம் நடந்தது. பையன் செல்போனில் பணம் வைத்துச் சீட்டு ஆடுகிறவன். எட்டு மாதத்தில் பெண்ணின் நகையெல்லாம் போய், பெண்ணும் அப்பா வீட்டுக்குத் திரும்பிவிட்டது. மண்டிக்காரர் மறுபடி வந்து கடை முன்னால் நின்றார். திட்டவில்லை. உங்களுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார்.

"தெரியுங்க. சீட்டு ஆடுவானான்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

மண்டிக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அன்று மத்தியானம் கடை திறக்கவில்லை. மறுநாளும் இல்லை. மாடியிலிருந்து இறங்கும்போது உள்ளே எண்ணெய்த் துணியால் எதையோ தேய்க்கிற சத்தம் கேட்டது. இந்தப் பெண்மணியிடம் இருப்பது நேர்மையா, கல்நெஞ்சா என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக யோசித்தேன். விடை தெரிந்துகொள்ள அவரிடமே கேட்டிருக்கலாம். தைரியம் வரவில்லை.

பூண்டுக்காரருக்கு வந்த வினைக்கு நான்தான் காரணம் என்பதை இந்த இடத்தில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அவருடைய மகன் தோட்டத்து வீட்டில் இரண்டு அறையைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விட ஆரம்பித்தான். வரவேற்பறைச் சுவரில் ராணுவ உடுப்பில் தாத்தாவின் படம், அதன் கீழ் சட்டமிட்ட பதக்கம் ஒன்று, அதற்கும் கீழே துப்பாக்கி. எழுத்தாளர் என்று என்னைக் கூப்பிட்டு, பலகையில் போட நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். அவர்கள் எனக்குச் சொன்னது, சண்டையிலிருந்து கொண்டுவந்தது என்ற ஒரே வரி. நான் எழுதியது இது: 'முதல் உலகப் போரில், பிரான்சு நாட்டுப் பதுங்குகுழி ஒன்றில், நேருக்கு நேர் மோதி, ஜெர்மன் சிப்பாய் ஒருவனிடமிருந்து எங்கள் தாத்தா கைப்பற்றிய ராணுவ ரைபிள்.' பதுங்குகுழியும் நேருக்கு நேரும் என் கைங்கரியம். சிப்பாயைத் தளபதி ஆக்கலாமா என்றும் யோசித்தேன். அடக்கம் தடுத்துவிட்டது.

அந்த வீட்டில் வார விடுமுறைக்கு வந்து தங்கியவர்களில் ஒருவர், மாவட்டத்துக்குப் புதிதாக வந்த அதிகாரி. துப்பாக்கி உரிமங்கள் அவருடைய மேசைக்குத்தான் வரும். பலகையைப் படித்தார். உரிமப் புத்தகத்தை எடுத்து வரச் சொல்லிப் பார்த்தார். அதில் 'ஒற்றைக்குழல், பதினாறாம் எண் தோட்டா' என்று இருந்தது. அதாவது சில்லறை ரவை போட்டுச் சுடுகிற சாதாரண நாட்டுப்புறத் துப்பாக்கி. பலகையோ ராணுவ ரைபிள் என்கிறது. ராணுவ ரைபிளைத் தனியார் வைத்திருக்கக் கூடாது. ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. துப்பாக்கியைக் கடையில் ஒப்படைத்து, 'இது ஜெர்மன் ராணுவ ரைபிளா என்பதை ஆம் அல்லது இல்லை எனத் தெளிவாகக் குறிப்பிட்டு' பத்து நாளில் சான்று பெற வேண்டும்; அதிகாரி கடைக்கு நேரில் வந்து பார்ப்பார். ஆம் என்றால் பறிமுதல், வழக்கு.

பூண்டுக்காரர் கடிதத்தோடு என் மாடிக்கு ஏறி வந்தார். "நீங்க எழுதுனதுதான சார்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. இந்த வயதில் கோர்ட்டுப் படி ஏறணுமா என்று கேட்டார். அதைவிட, தாத்தா துப்பாக்கி இல்லாத சுவரை எப்படிப் பார்ப்பது என்று கேட்டார். நகைச்சுவைக் கட்டுரையாளன் கையில் பேனாவைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நான் அப்போது ஒரு நல்ல உதாரணமாக அவர் முன் உட்கார்ந்திருந்தேன்.

இருவருமாகக் கீழே இறங்கினோம். காலை பத்து மணி, மூடுபனி விலகிக்கொண்டிருந்தது. துப்பாக்கியம்மா மேசையில் பழைய படுக்கை விரிப்பு ஒன்றை விரித்து, துப்பாக்கியை அதன் மேல் வைத்தார். முதலில் நகம். ஒவ்வொரு திருகாணியாகத் தடவினார். பிறகு பின்பக்கத்து இரும்புத் தாழை இழுத்து வெளியே எடுத்தார். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற தண்டு அது. அடுத்தது கட்டை. மரத்தில் ஓரிடத்தில் பழைய ராணுவக் குறியை எடுத்துவிட்டு ஒரு சின்னப் பித்தளை வட்டு பதித்திருந்தது. அதைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். கட்டையிலிருந்து குழலைப் பிரித்து, அடிப்பக்கத்தில் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். கிரீடம் போட்ட எழுத்து ஒன்று காகிதத்தில் எழுந்து வந்தது. பக்கத்தில் வட்டத்துக்குள் பதினாறு.

எல்லாம் ஒரு மணி நேரம். நாங்கள் இருவரும் அறுவைச் சிகிச்சை அறைக்கு வெளியே நிற்பவர்கள் போல நின்றோம். பூண்டுக்காரர்தான் பொறுக்காமல் கேட்டார்.

"ஏம்மா, இது ஜெர்மன்காரன் ராணுவ ரைபிள்தான?"

"ஆமாங்க. அதாத்தான் செஞ்சிருக்கான். கொழாய் வந்து பொருந்துற இந்த வளையத்துல அவன் ஆலை முத்திரையும் வருசமும் இருக்கு, மொத சண்டை நடந்த வருசம். அசல்தாங்க."

பூண்டுக்காரரின் முகம் மலர்ந்தது. மூன்று தலைமுறைப் பெருமை உறுதியானதல்லவா. "நாஞ் சொல்லல?" என்று என் பக்கம் திரும்பினார். திரும்பின வேகத்திலேயே அதற்கு என்ன அர்த்தம் என்பது அவருக்கு உறைத்துவிட்டது. மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார்.

துப்பாக்கியம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் இன்னும் என்னவோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது. அது எந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. ஆறு வருடமாக இந்த அம்மாவிடம் தப்பான கேள்வியாகவே கேட்டு வந்தவன் நான். பஸ்ஸிலிருந்து ஆரம்பித்து எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. கடைசியில் எனக்கே அசட்டுத்தனமாகத் தோன்றிய ஒன்றைக் கேட்டேன்.

"அம்மா, இவர் துப்பாக்கி இவர்கிட்டயே இருக்கணும்னா நாங்க உங்ககிட்ட என்ன கேக்கணும்?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை நாளாய் எங்கே போயிருந்தாய் என்பது போல.

"இந்தக் கொழாய்க்குள்ள முறுக்கு வரி இருக்கான்னு கேளுங்க" என்றார். "ரைபிள்னா உள்ளார வரி முறுக்கிக்கிட்டுப் போவும். இதுல பாருங்க."

குழலை ஜன்னல் பக்கம் நீட்டினார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். உள்ளே ஒரு கீறல் இல்லை. பளபளவென்று போய், கடைசியில் ஏரிப்பக்கத்து வானம் ஒரு வட்டமாகத் தெரிந்தது.

"முறுக்கு இல்லைன்னு எழுதுவேன். ரைபிள் தோட்டா இதுல நிக்குமான்னு கேளுங்க. வாய் பெருசாக் கடைஞ்சிருக்கு, நிக்காதுன்னு எழுதுவேன். திரும்ப ரைபிளா மாத்த முடியுமான்னு கேளுங்க. இந்தத் தாழ்ப்பாளுக்கு முன்னால ரெண்டு காது இருக்கும், அதுதான் வெடிக்கிற வேகத்தத் தாங்குறது. ரெண்டையும் வெட்டி எடுத்திருக்கு. முடியாதுன்னு எழுதுவேன். உள்ளூர்ப் பட்டறையில வெட்டுனது இல்ல. வெட்டுன எடத்து மேலயும் அவன் நீலப் பூச்சு ஓடியிருக்கு. ஜெர்மனியிலயே மாத்தி, பறவை சுடுற துப்பாக்கின்னு சோதன பண்ணி, அந்த முத்திரையும் போட்டிருக்கான்."

நான் ஒரு காகிதத்தில் வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தேன். பூண்டுக்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார்.

"அப்பறம், எப்ப மாத்துனதுன்னு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். படுக்கை விரிப்பின் சுருக்கத்தை நீவினார். "அது வேண்டாம். அது லைசென்சுக்குத் தேவையில்ல."

சொல்ல வந்ததை அவர் பாதியில் விட்டு நான் பார்த்ததில்லை. அதிகாரி கேட்ட கேள்விக்கும் பதில் எழுதுவீர்களா என்று கேட்டேன். எழுதுவேன், அவர் கேட்டிருக்கிறாரே என்றார். பூண்டுக்காரர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு, மறுநாள் அதிகாரி வரும்போது வருவதாகச் சொல்லி ஜீப் பிடிக்க ஓடினார்.

நல்ல மனிதனாக இருந்தால் நானும் மாடிக்குப் போயிருப்பேன். ஆனால் நான்காவது கேள்வி காலில் முள் மாதிரி இருந்தது. சாயங்காலம் கடை மூடுகிற நேரத்துக்குக் கீழே போய் நின்றேன். எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"கேக்குறீங்களா?" என்றார்.

இப்போதும் போய்விடலாம் என்று அதற்கு அர்த்தம். கேட்டேன்.

"சண்டை முடிஞ்ச பெறகு" என்றார். "சண்டைக்கு நடுவுல எந்த ராணுவமும் சிப்பாய் ரைபிளப் பறவை சுடுறதுக்குக் கடைஞ்சு மாத்தாது. தோத்த பெறகு ஜெர்மன்காரன்கிட்ட ரைபிளு மலையாக் கெடந்துச்சு, ஜெயிச்சவங்க அத வச்சுக்கக் கூடாதுன்னுட்டாங்க. அதையெல்லாம் இப்பிடி மாத்தி ஊரூருக்கு வித்தான். மெட்ராசுக் கடைகள்லயும் வித்துருக்கு."

அப்படியானால் தாத்தா?

"சண்டைக்குப் போயிருக்கார். பதக்கம் இருக்கே. இது அங்கருந்து வரல. அவ்வளவுதான் இது சொல்லுது. எங்க வாங்குனார், ஏன் அப்பிடிச் சொன்னார்னெல்லாம் துப்பாக்கிக்குத் தெரியாது."

எவ்வளவு நாளாக இது உங்களுக்குத் தெரியும் என்றேன்.

"அஞ்சு எலெக்சனாத் தெரியும்."

நூலில் கட்டிய சீட்டுகளும், தலை ஆடாமல் அவர் கேட்ட கதைகளும் என் கண்முன் வந்தன. கலெக்டர் கொடுத்தது, ஜமீன் சீதனம், அத்தனை புலி. எத்தனை துப்பாக்கிகள், எத்தனை தேர்தல்கள். எல்லாவற்றிலும் அந்த நகம் போய் வந்திருக்கிறது. அன்றைக்குப் படுத்த பிறகும் கீழே அந்தக் கடை ஏதோ பெரிய கனத்தோடு இருப்பது போலப் பட்டது.

மறுநாள் அதிகாரி வந்தார். முறையான மனிதர். சான்றை இரண்டு தடவை படித்தார், குழலைத் தானே ஜன்னலில் நீட்டிப் பார்த்தார். பூண்டுக்காரர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு மூலையில் நின்றார். நான் எதற்கு அங்கே நின்றேன் என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.

"அப்ப இது ராணுவ ரைபிளா இருந்தது. இப்ப இல்ல" என்றார் அதிகாரி.

"ஆமாங்க."

"திரும்ப மாத்தவே முடியாது?"

"முடியாதுங்க. வெட்டுன காத ஒட்ட வச்சா மொத வெடியிலயே சுடுறவன் மூஞ்சிக்கு வந்துரும்."

அதிகாரி தாழ்த்தண்டைக் கையில் எடுத்து உருட்டினார். "இன்ட்ரஸ்டிங்" என்றார். அவருக்கு அடுத்த கேள்வி வாயில் வந்துவிட்டது எனக்குத் தெரிந்தது. ஆர்வம் உள்ள எவனுக்கும் அடுத்து அந்தக் கேள்விதான் வரும், எனக்கு வந்ததே. எப்போது, ஏன் மாற்றினார்கள்? கேட்டால் இந்த அம்மா சொல்லிவிடுவார், மூலையில் நிற்கிற பேரன் காதுபட. துப்பாக்கியம்மாவைப் பார்த்தேன். அவர் அதிகாரியைப் பார்க்கவில்லை, விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீள நகம் மேசை விளிம்பைப் பிடித்து வெளுத்திருந்தது. மண்டிக்காரர் வந்து நின்ற அன்று பூட்டிய கடைக்குள் இந்த முகம்தான் இருந்திருக்க வேண்டும்.

"இத..." என்றார் அதிகாரி. "இதச் சுட்டா இப்ப பாதுகாப்பா? காது இல்லைன்னு சொல்றீங்க."

நகம் மேசையை விட்டது.

"லேசான தோட்டா தாங்கும். இப்ப வர்ற வேகமான தோட்டா தாங்காது. இவருக்கு நான் லேசானது மட்டுந்தான் குடுக்கிறது."

பூண்டுக்காரர் அலமாரிப் பக்கம் திரும்பினார். இருபது வருடமாகப் பன்னி திரும்பிப் பார்த்ததற்கான காரணம் அந்தப் பச்சைப் பெட்டியாக அலமாரியில் இருந்தது. தன் முகம் இன்னும் முகமாக இருப்பதற்கும் அதுவே காரணம் என்பதை அவர் மெதுவாகத்தான் கணக்குப் போட்டு முடித்தார். "ஏம்மா, சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

துப்பாக்கியம்மா என்ன பதில் சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் சொல்லவில்லை. துப்பாக்கியைப் பூட்டி, எண்ணெய்த் துணியால் ஒரு தடவை துடைத்து, அவர் கையில் கொடுத்தார்.

அதிகாரி கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னார். பலகையை மாற்ற வேண்டும், ரைபிள் என்று இருக்கக் கூடாது.

ஆக அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஜீப்பில் பெயிண்ட் டப்பாவுக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்துப் பூம்பாறைப் பாதையில் கூட்டிப் போனார்கள். போகிற வழியெல்லாம் வாக்கியங்களைப் போட்டுப் பார்த்து அழித்துக்கொண்டே போனேன். வாழ்க்கையில் ஒரு பத்திக்கு நான் இவ்வளவு பாடுபட்டதில்லை. பழைய எழுத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, நானே பிரஷ்ஷைப் பிடித்து எழுதினேன். 'எங்கள் தாத்தா முதல் உலகப் போரில் போரிட்டவர்.' அதற்குக் கீழே: 'இது ஜெர்மனியில் செய்த துப்பாக்கி.'

இரண்டு வரி. இரண்டும் சத்தியம். படிக்கிறவர்கள் தாங்களாகவே இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். இன்றைக்கும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பூண்டுக்காரர் வந்து நின்று படித்தார். மறுபடி படித்தார். பலகையில் முக்கால்வாசி காலியாகக் கிடந்தது.

"தாத்தா கொண்டாந்த வரி எங்க சார்?"

"எடுத்துட்டேங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு துப்பாக்கியைப் பார்த்தார், அதற்கு மேலே படத்தைப் பார்த்தார். பெயிண்ட் காய்கிற வாசனை வந்தது. வெளியே பூண்டுப் பாத்தியில் யாரோ தகரத்தைத் தட்டிப் பன்றி விரட்டினார்கள். ஏன் என்று ஒரு சொல், ஒரே சொல், அவர் கேட்டிருந்தால் போதும். எனக்கு நகம் வளர்க்கிற பழக்கம் இல்லை, ஆனாலும் கை நாற்காலி விளிம்பைப் பிடித்திருந்தது.

"காப்பி சாப்புடுறீங்களா?" என்றார்.

"சாப்புடுறேங்க" என்றேன்.